கட்டத்துக்குள் அடங்கு!

சிங்கப்பூரில் எந்தப் படிவத்தைத் தொட்டாலும் 'இனம்' என்று ஒரு கட்டம். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். உலகம் அவ்வளவுதான். 'இந்தியர்' என்றால் தமிழர், சீக்கியர் மட்டுமா? பாகிஸ்தானியும் வங்கதேசத்தவரும்கூட அங்கேதான். பல தலைமுறையாக இங்கேயே இருக்கும், ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சாவளியினரான யுரேசியர்கள்? 'மற்றவர்'!

சரி, 2011 முதல் கலப்புத் திருமணப் பிள்ளைகளுக்கு 'சீனர்-இந்தியர்' என்பதுபோல் இரட்டை இனம் போடலாம் என்றார்கள். போட்டால் என்ன, வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு இன வரம்புக்கு முன்பாதியை மட்டும்தான் பார்க்கிறார்கள். பின்பாதி எதற்கு, அழகுக்கா? ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எவ்வளவு பங்கு இருக்கலாம் என்று 1989-இல் வந்த அந்த வரம்பு இன்னொரு தொல்லை. புளோக்கில் சீனர் பங்கு நிரம்பிவிட்டால் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. இனத்துக்கொரு பேட்டையாகப் பிரிந்துவிடாமல் எல்லாரும் கலந்து வாழவேண்டுமாம், நியாயம்தான். ஆனால் விலையைக் குறைத்துக்கொண்டு ஆள் தேடி அலைவது யார்? பெரும்பாலும் சிறுபான்மைக்காரர்தானே!