ஆர்எஸ்500-ல் உள்ள 500 என்பது குதிரைத்திறன் அல்ல

அண்ணே, உங்கள் பதிவில் ஃபோர்டு சியரா ஆர்எஸ்500 கார் ஷோரூமிலிருந்து வரும்போதே 500 குதிரைத்திறன், அதனால்தான் அந்தப் பெயர் என்று போட்டிருக்கிறீர்கள், அது தப்பு. 500 என்பது கட்டிய வண்டிகளின் எண்ணிக்கை. குரூப் ஏ என்ற, சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட டூரிங் கார் பந்தயப் பிரிவில் ஒரு காரின் மேம்படுத்திய வடிவத்தை இறக்க 500 வண்டி கட்டியாக வேண்டும் என்பது அன்றைய விதி, அதற்காகவே 1987-ல் வந்தது இது. சாலை வண்டியில் காஸ்வொர்த் நிறுவனத்தின் 1993 சிசி ஒய்பி எஞ்சின் கொடுத்தது 224 குதிரைத்திறன்தான். பந்தயத்துக்குத் தயார் செய்தபிறகே 500-ஐத் தாண்டியது.

எப்படி என்றால், நாலு சிலிண்டருக்கு எட்டு இன்ஜெக்டர், அதாவது பெட்ரோலைப் பீய்ச்சும் குழல். இரண்டாவது வரிசை நாலும் சாலை வண்டியில் இணைப்பே கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும், பந்தயக் குழுக்கள் அதற்கு உயிர் கொடுத்து, கேரட் நிறுவனத்தின் பெரிய டர்போவில் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பூஸ்ட்டை, அதாவது காற்றழுத்தத்தை, ஏற்றும்போது கூடுதல் பெட்ரோல் அதன் வழியாகத்தான் போகும். அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் பிளாக்கின் சுவரும் தடிமன்.

காரைக்குடியில் என் பட்டறைக்கு வரும் டீசல் கார்களின் டர்போ சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அதனால் சட்டென்று சுற்றும். பெரிய சக்கரம் வேகமெடுக்க நேரமாகும், அதனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும் கீழ் ஆர்பிஎம்மில் ஆர்எஸ்500, அதற்கு முந்தைய சாதாரண சியரா காஸ்வொர்த்தைவிட மந்தம்தான். தேவகோட்டை, காரைக்குடிப் பையன்கள் நிறையப் பேர் நீங்கள் சொன்னால் அப்படியே நம்புவார்கள், பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணே.