சிஎஃப்ஏ எழுதினால் போதுமா?

பொறியாளர்கள் சிஎஃப்ஏ எனும் முதலீட்டுத் துறைப் பட்டயத் தேர்வை எழுதினால், பிறர் பணத்தை முதலீடு செய்து நிர்வகிக்கும் சொத்து மேலாண்மைத் துறைக்குள் நேராக நுழைந்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமில்லை. மூன்று நிலைகளையும் தாண்டினாலும், 36 மாதங்களுக்குக் குறையாமல் 4,000 மணி நேரத் தொடர்புடைய பணி அனுபவம் இருந்தால்தான் பட்டயம் கிடைக்கும். எடுத்த எடுப்பிலேயே சிங்கப்பூரின் நிதி மையமான ராஃபிள்ஸ் பிளேஸில், முதலீட்டு முடிவுகளை எடுக்கும் ஃபண்ட் மேனேஜர் நாற்காலி கிடைக்காது. பைத்தான், எஸ்க்யூஎல் போன்ற கணினி மொழிகள் தெரிந்தவர்களுக்கு இடர் கணிப்பு, தரவுப் பிரிவுகளில் வாய்ப்பு அதிகம். நானும் அப்படித்தான் வந்தேன். அங்கே, முந்தைய நாள் விலைகள் கணினியில் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா, பங்குப் பிரிப்பு (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) நடந்த நிறுவனத்தில் நம் பங்கு எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் காலையில் முதல் வேலை. சலிப்புதான், ஆனால் பாண்டு (கடன் பத்திரம்), கூப்பன் (அது தரும் வட்டி), டூரேஷன் (வட்டி விகிதம் மாறினால் அதன் விலை எவ்வளவு அசையும் என்ற அளவு) எல்லாம் அங்கேதான் மண்டையில் ஏறின. அப்புறம், தொடக்கத்தில் சம்பளம் குறையலாம். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் கட்டுபவர்கள் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.