புறாமலையில் காலை எங்கே வைக்கிறீர்கள்?

இலங்கையில் திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாமலைத் தீவை 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பெயர் பெரிசுதான். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிற கூட்டத்தில் பாதிப்பேர் நேரே முருகைக்கல்லின், அதுதான் பவளப்பாறையின், மேலேயே ஏறி நின்று, தண்ணீர் புகுந்த கண்ணாடியைக் கழற்றி, மூக்கைச் சீறிவிட்டு, அப்புறம் ஆறுதலாகச் செல்ஃபி வேறு எடுக்கிறார்கள். அது உயிருள்ள சாமான் ஐயா! மூளை மாதிரி உருண்டிருக்கிற வகை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரும்பாடு.

துடுப்பு நுனி கறுத்த சுறா ஒன்று தெரிந்தால் போதும், குய்யோ முறையோ என்று ஒரே கத்தல். அதுவோ ஆளைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற சாது. சரி, வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. படகுக்காரத் தம்பிமாரே, காசை வாங்கும்போதே 'கல்லில மிதிக்காதீங்க' என்று சொன்னால் வாயா வலிக்கும்?