ஊர் சுத்தவா போனாங்க?

இதை நான் எழுதுறது 2021 மே மாசம். நேத்து ராத்திரியிலிருந்து அந்த வாய்ஸ் மெசேஜ் இங்க சிங்கப்பூர்ல நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் சுத்துது, கேக்காதவங்க இருக்க மாட்டீங்க. பேசினது யாரு, யாரைப் பத்தின்னு நான் இங்க எழுதப்போறதில்ல, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். "சிங்கப்பூர்ல இல்லாத ஆஸ்பத்திரியா, கொரோனா நேரத்துல ஊருக்குப் போயி ஆப்பரேஷன் பண்ணிட்டு வந்து இங்க நம்ம பேரைக் கெடுக்குறாங்க"ன்னு சொன்னாரு பாருங்க, அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறல. அதுக்குக் கீழ வரிசையா கைதட்டு வேற.

அந்த அக்கா ஊர் சுத்தப் போகல. ஆப்பரேஷனுக்குப் போனாங்க. இதை எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன்.

அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். கர்ப்பப்பையில கட்டி, மாசத்துல பாதி நாள் ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிடுச்சு. தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கிட்டு இருந்தவங்க அப்படியே தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க, உதடெல்லாம் வெளுத்துப்போச்சு, கையில இருந்த பையைக்கூட கீழ வைக்கத் தோணாம நின்னாங்க, பக்கத்துல நான் இருந்தேன். இரும்புச்சத்து மாத்திரையில ஓட்டுற கட்டம் தாண்டிடுச்சு, எடுத்துத்தான் ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா உடனே உயிர் போற கேஸ் இல்ல. "அவசரம் இல்லாத ஆப்பரேஷன்"னு இதைத்தான் சொல்றாங்க. அவசரம் இல்லன்னா அவசியம் இல்லன்னு அர்த்தமாங்க? தினமும் ரத்தம் போயிட்டு இருக்கிறவங்ககிட்ட போய்ச் சொல்லிப் பாருங்க.

"இங்கயே பண்ணியிருக்கலாமே"ன்னு கேக்குறீங்க. இங்க சிகிச்சை நல்லாத்தான் இருக்கு, நான் ஒரு குறையும் சொல்லல. ஆனா அவங்க டிபென்டன்ட் பாஸ்ல, அதாவது இங்க வேலை பாக்குற வீட்டுக்காரரை வச்சுக் கிடைச்ச பாஸ்ல இருக்காங்க. சிட்டிசனுக்கு அரசு ஆஸ்பத்திரி சி கிளாஸ் வார்டுல 80 விழுக்காடு வரைக்கும் மானியம் கிடைக்கும், பிஆருக்கு (நிரந்தரவாசிக்கு) அதைவிட ரொம்பக் கம்மி, பாஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது, முழுக் காசு. மெடிஷீல்டுங்கற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, சம்பளத்துல பிடிச்சு மருத்துவத்துக்குன்னு சேக்குற மெடிசேவ் கிடையாது. அவங்க வீட்டுக்காரரோட கம்பெனி இன்சூரன்ஸ் அவருக்கு மட்டும்தான். தனியார்ல கேட்டா பத்தாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல சொன்னாங்க. முன்னெல்லாம் பக்கத்துல மலேசியாவுல இருக்கிற ஜேபி (ஜோகூர் பாரு) பக்கம் போயிட்டு வந்துடுவாங்க, 2020 மார்ச் 18-லிருந்து அந்த வழியையும் அடைச்சுட்டாங்க. சரி, காசை எப்படியோ புரட்டிடலாம்னே வைங்க, கர்ப்பப்பையை எடுத்தா ஆறு வாரம் வெயிட் தூக்கக் கூடாது, குனிஞ்சு நிமிரக் கூடாது, இங்க யாருங்க பாத்துப்பா? அங்க அவங்க அம்மா இருக்காங்க, தங்கச்சி இருக்காங்க. திருச்சியில நல்ல டாக்டர் இருக்காங்க. போனாங்க. இதுல என்னங்க தப்பு?

எனக்கு ஏன் இவ்வளவு கோவம் வருதுன்னா, போன வருஷம், 2020-ல, எங்க வீட்டுலயே இது நடந்துச்சு. அம்மா எங்களோட லாங் டெர்ம் பாஸ்ல இருந்தாங்க. பித்தப்பையில கல்லு. சர்க்கிட் பிரேக்கர்னு இங்க ஊரடங்கு போட்ட ஏப்ரல் மாசம்தான் வலி அதிகமாச்சு. அவசரம் இல்லாத ஆப்பரேஷனையெல்லாம் அப்ப தள்ளி வச்சிருந்தாங்க, எண்ணெய் சேக்காம சாப்பிடுங்க, வலி வந்தா எமர்ஜென்சிக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அந்தச் சூழ்நிலையில அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கிச்சன்ல லைட்டுகூட போடாம, பிள்ளைங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு, பிரிட்ஜ்ல சாஞ்சு தரையில உக்காந்திருந்த அம்மாவை நான்தானே பாத்தேன். கல்லு நகர்ந்து குழாயை அடைச்சா மஞ்சக்காமாலை வரும், கணையம் வீங்கும், அப்புறம் அது உயிருக்கே ஆபத்துன்னு டாக்டரே சொன்னாரு. வலது விலா கீழ கை வச்சுக்கிட்டு "ஒண்ணுமில்லடி, வாய்வு"ம்பாங்க.

என் மெடிசேவ்ல எடுக்கலாம், அதுக்கு ஒரு வரம்பு இருக்கு, மானியமே இல்லாத பில்லுல அது எந்த மூலைக்கு? இந்திய ஹைகமிஷன்ல (தூதரகத்துல) பேர் பதிஞ்சு, கொரோனா நேரத்துல இந்திய அரசு விட்ட வந்தே பாரத் பிளைட்ல இடம் கிடைச்சு, தனியா அனுப்பி வச்சோம். நான் கூடப் போகல. போனா அங்க குவாரன்டீன், திரும்பி வந்தா இங்க 14 நாள், ரெண்டு சின்னப் பிள்ளைங்களை யார்கிட்ட விடுறது? அம்மா திருச்சியில இறங்கி, காசு கட்டி ஹோட்டல்ல தனியா இருந்து, அப்புறம் புதுக்கோட்டை போக இ-பாஸ், ஆஸ்பத்திரியில சேக்கறதுக்கு முன்னாடி ஒரு கொரோனா டெஸ்ட், நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேன், பில்லுல டாக்டருங்க போட்ட பிபிஇ கிட்டுக்கும் (பாதுகாப்பு உடைக்கும்) சேத்துக் காசு. கையெழுத்து போடுற இடத்துல மாமாதான் போட்டாரு. பெத்த பொண்ணு நான் இங்க வாட்ஸ்அப்ல அந்தப் பேப்பரோட போட்டோவைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். இது ஊர் சுத்துறதா?

"அங்க ஜனங்க பெட் இல்லாம சாகும்போது காசு குடுத்து பெட் புடிச்சாங்க"ன்னு இன்னொருத்தர் எழுதியிருக்காரு. இந்தக் கேள்வியில நியாயம் இருக்கு, ஒத்துக்குறேன். இந்த 2021 மே மாசத்துல போயிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். ஆனா அக்கா போனது பொங்கல் முடிஞ்சு. அப்ப தமிழ்நாடு முழுக்க ஒரு நாளைக்கு 500 கேஸ் பக்கம்தான், இந்த மே மாசத்துல 30,000 தாண்டிடுச்சு. ஜனவரியில போனவங்களை மே மாசக் கணக்கை வச்சுத் திட்டினா எப்படிங்க?

"கொரோனாவைப் பரப்புறாங்க"ன்னு சொல்றதுக்கு பதில் சொல்லவே பிடிக்கல. அனுமதி வாங்கி, கிளம்பறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்து, இங்க இறங்கினதும் டெஸ்ட் எடுத்து, தையல் போட்ட வயித்தோட 14 நாள் எஸ்எச்என் ஹோட்டல்ல (வெளிய வர முடியாத கட்டாயத் தனிமையில) இருந்து, அதுக்கு 2,000 வெள்ளி கட்டி, மறுபடி டெஸ்ட் எடுத்து, எல்லாம் நெகட்டிவ்னு வந்தப்புறம்தான் வீட்டுக்கு வந்தாங்க. இதுக்கு மேல என்ன பண்ணணும், சொல்லுங்க.

எனக்கு ரொம்ப வலிக்கிறது இதைச் சொன்னது நம்ம ஆளுங்கறதுதான். 2021 மே 7-ஆம் தேதி இங்க சுவா சூ காங்ல வேகமா நடந்து போயிட்டு இருந்த 55 வயசு இந்திய அம்மாவை மாஸ்க்கை இழுத்துப் போடுன்னு திட்டி நெஞ்சுல உதைச்சானே ஒருத்தன், அந்தச் செய்தி வந்தப்போ நாம எல்லாரும் எப்படித் துடிச்சோம்? லிப்டுல நம்மளப் பாத்ததும் ஒதுங்கி நிக்கிறாங்க, எம்ஆர்டி ரயில்ல பக்கத்து சீட்டுல உக்கார மாட்டேங்கிறாங்கன்னு நாமதானே புலம்பறோம்? அப்புறம் நாமளே ஒரு பொம்பளையோட கர்ப்பப்பையை குரூப்ல வச்சுப் பேசறோம். வெளியில இருக்கிறவன் சொல்றதுக்கு நாமே எடுத்துக் குடுக்கறோம். அக்கா குரூப்ல இருந்து வெளிய போயிட்டாங்க, போனும் எடுக்கல, மெசேஜ்ல "விடும்மா"ன்னு மட்டும் போட்டாங்க. என்னால விட முடியல.

"உங்கம்மா திரும்பி வந்து பரப்பியிருந்தா?"ன்னு இன்பாக்ஸ்ல ஒருத்தர் கேட்டுட்டாரு. எங்கம்மா இன்னும் திரும்பியே வரலைங்க. ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வலி போச்சு, நல்லா சாப்பிடறாங்க. பாஸ் வச்சிருக்கிறவங்க வர அனுமதி கிடைக்கக் காத்திருந்து, கிடைச்சு, டிக்கெட்டும் போட்டு வச்சிருந்தோம். 2021 ஏப்ரல் 24-லிருந்து இந்தியாவுல இருந்து பாஸ்காரங்க யாரும் வரக் கூடாதுன்னு வந்துடுச்சு, ஏற்கெனவே அனுமதி வாங்கினவங்களுக்கும் சேத்து. அந்த முடிவு சரிதான், நிலைமை அப்படி. அம்மாவுக்கு கோவிஷீல்டு தடுப்பூசி முதல் டோஸ் போட்டாச்சு, ரெண்டாவதுக்கு 12-லிருந்து 16 வாரம் காத்திருக்கணும்னு 2021 மே மாசம் மாத்திட்டாங்க. தெருவுல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா போன்ல ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திடுறாங்க.

கமெண்ட்ல வந்து "அப்ப ஏன் அனுப்பினீங்க"ன்னு கேக்கப் போறவங்க, மேல எழுதினதை முதல்லயிருந்து ஒரு தடவை படிச்சுட்டு வாங்க. அந்த வாய்ஸ் மெசேஜை இதுக்குக் கீழ யாராவது ஷேர் பண்ணா பிளாக் பண்ணிடுவேன், சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி.