இவனுக்கு எத்தனை பாட்டி என்று சிரித்தவர்களுக்கு

நேற்றைய பதிவையும் அதன் கீழே வரிசையாக விழுந்த சிரிப்புகளையும் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பதிவு போட்டவரிடம் வேலை பார்க்கும் கிரீ பையன், அதாவது கனடாவின் பூர்வகுடி இனங்களில் ஒன்றைச் சேர்ந்தவன், பாட்டி சாவுக்கு லீவு கேட்டானாம். போன வருடமும் ஒரு பாட்டி செத்தாளே, இவனுக்கு மொத்தம் எத்தனை பாட்டி என்று கேலி.

எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். கிரீ மக்களுக்குப் பாட்டியின் அக்கா தங்கைகளும் பாட்டிகள்தான். அம்மாவின் தங்கை பெற்ற பிள்ளைகளும் உடன்பிறந்தவர்கள்தான். வெள்ளைக்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம். பெரியம்மா, சின்னம்மா கைகளில் வளர்ந்த நமக்குமா விளங்கவில்லை?

கனடாவில் ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய கிரீ ஊரான சிசாசிபியில் ஆசிரியராக இருந்தவள் நான். வசந்தத்தில் காட்டு வாத்துகள் திரும்பி வரும்போது அங்கே பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குப் போவார்கள். கூடாரத் தரையில் ஊசியிலைக் கிளைகளைப் பரப்பி, வாத்தைக் கயிற்றில் கட்டி நெருப்புக்கு நேரே சுழலவிட்டு வாட்டுவாள் கூக்கும். பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேத்திக்கு இறகு பிடுங்கக் கற்றுத் தருவதும் அவள்தான். அவளுடைய சொந்தப் பேத்தியா, தங்கையின் பேத்தியா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அப்படி ஒருத்தி செத்தால் அவன் போக வேண்டாமா?

"அவ்வளவு பாசம் இருந்தால் ஏன் அந்த ஊர்களில் இவ்வளவு குடி?" என்று ஒருவர் கேட்டார். அந்த ஊர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1930களிலிருந்து ஃபோர்ட் ஜார்ஜ் தீவின் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்தார்கள். அணைத் திட்டத்துக்காக 1980-81இல் அந்தத் தீவு ஊரையே பெயர்த்துச் சிசாசிபிக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் கனடாவில் பெற்றவர்களைப் பிரிந்து வளர்ப்பு வீடுகளில் இருக்கும் சிறுவர்களில் பாதிக்கு மேல் பூர்வகுடிப் பிள்ளைகள். இத்தனைக்குப் பிறகும் பாட்டி சாவுக்கு ஒரு பேரன் ஓடுகிறான் என்றால் அதைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

வேலை யார் பார்ப்பது என்கிறீர்கள். சரி, ஒரு வாரத்துக்கு வேறு ஆள் போடுங்கள்.

என்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மா ஊரில் இறந்தபோது, அன்று நான் வேலை பார்த்த இடத்தில் "பெற்ற அம்மா இல்லையே" என்று லீவு தரவில்லை. கைபேசியில்தான் கடைசியாக முகம் பார்த்தேன். அழுதுகொண்டே வேலைக்கும் போனேன். அன்று எனக்காக எத்தனை தமிழர்கள் கொதித்தீர்கள்! அதே ஆட்கள்தான் நேற்று அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தீர்கள். அது எனக்கு வலிக்கிறது.

அந்தப் பதிவை எடுங்கள். அவனுக்கு லீவும் கொடுங்கள்.