அந்த ரப்பர் பிளாஸ்டிக் இல்லை

கோதுமை மாவில் கலப்படம் கண்டுபிடிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் சுண்ணாம்புத் தூளுக்குச் சொன்ன எலுமிச்சைச் சாறு சோதனை சரிதான், அது கலந்த மாவில் பிழிந்தால் நுரைக்கும். ஆனால் 'பிசைந்த மாவைக் குழாயடியில் கழுவினால் ரப்பர் மாதிரி மிஞ்சுவது பிளாஸ்டிக்' என்று போட்டிருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது குளூட்டன், கோதுமையிலேயே உள்ள புரதம். கழுவக் கழுவ ஸ்டார்ச் பால் மாதிரி ஓடிப்போகும், இது மட்டும் பழுப்பாக, இழுத்தால் நீளும்படி கையில் நிற்கும். சப்பாத்தி பிய்ந்துபோகாமல் வருவதே இதனால்தான். கோதுமை மாவில் குளூட்டன் குறைந்தது 6 சதவீதம் இருக்க வேண்டும் என்பதே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒன்றுமே மிஞ்சாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் தீரவில்லையா, துளி எடுத்துக் கொளுத்திப் பாருங்கள், புரதம் என்பதால் முடி கருகும் வாடை வரும்.

தவிடு மிதந்தால் கலப்படம் என்பதும் பாதிதான் சரி. முழுக் கோதுமையை அரைத்தால் கொஞ்சம் தவிடு மிதக்கத்தான் செய்யும். டம்ளர் நீரின் மேல் தூவும்போது அடை மாதிரி கட்டினால்தான் அதிகம்.

இரும்புத் தூளுக்குக் காந்தம் போதும். மைதா கலந்ததா என்பதை வீட்டில் உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு ஆய்வகம்தான்.

சரி, மில்லில் அரைப்பவர்களுக்கு ஒன்று: முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள் வாடையோடு சப்பாத்தி சாப்பிட வேண்டியிருக்காது.