கொள்ளைக்கும் வணிகத்துக்கும் ஒரே கல்லா

"செங்கிஸ்கான்தான் உலகமயமாக்கலின் தந்தை" என்று யாராவது எழுதிய பதிவு அடிக்கடி கண்ணில் படுகிறது. படுகொலைகளை ஒரு வரியில் தாண்டிவிட்டு, பட்டுப்பாதை, அஞ்சல் குதிரைகள், மார்க்கோ போலோ என்று பாராட்டு மழை. மங்கோலியர் வணிகத்தை வளர்த்தது உண்மை. ஆனால் கொலை ஒரு தட்டு, வணிகம் இன்னொரு தட்டு என்று தராசு பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே தொழில்.

அந்தப் பதிவுகள் எல்லாம் ஓத்ராரில்தான் ஆரம்பிக்கும். 1218-ல் செங்கிஸ்கான் அனுப்பிய சுமார் 450 வணிகர்களை, ஒற்றர்கள் என்று சொல்லி, மத்திய ஆசியாவின் குவாரஸ்ம் நாட்டின் எல்லை நகரமான ஓத்ராரின் ஆளுநர் கொன்று சரக்கைப் பறித்துக்கொண்டார். நியாயம் கேட்கப் போன தூதரை அந்நாட்டுச் சுல்தான் முகம்மது கொன்றார். அடுத்த வருடம் படையெடுப்பு. ஆக, வணிகர்களுக்காகப் போருக்குப் போன மன்னன்!

சரி, அந்தச் சரக்குக்கு முதல் போட்டது யார்? செங்கிஸ்கானின் பிள்ளைகளும் தளபதிகளும். ஆளுக்கு இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, பொன்னும் வெள்ளியும் கொடுத்து அனுப்பச் சொல்லி உத்தரவு. அதற்கு மூன்று வருடம் முன்புதான் வடசீனத் தலைநகர் ஜொங்து, அதாவது இன்றைய பெய்ஜிங், அவர்களிடம் விழுந்து சூறையாடப்பட்டிருந்தது. பொன் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஓத்ராரில் பறிபோனது கான் வீட்டாரும் தளபதிகளும் போட்ட சொந்தப் பணம்.

1221-ல் அதே படையெடுப்பில் மெர்வ் நகரம் விழுந்தது. பாரசீக வரலாற்றாளர் ஜுவைனி பதின்மூன்று லட்சம் பிணங்கள் என்று எழுதுகிறார். எண் மிகைதான், அந்த ஊரில் அத்தனை பேர் இருந்திருக்கவே முடியாது. ஆனால் அவர் சொல்லும் இன்னொரு எண்தான் என்னை உறுத்துகிறது: தனியே பிரித்து உயிரோடு விடப்பட்ட கைவினைஞர்கள் 400 பேர். கோபத்தில் வெட்டுகிறவன் இப்படித் தரம் பிரிக்க மாட்டான். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத்தின் நெசவாளர்களை, கிழக்கே வெகுதூரத்தில் உய்குர் நாட்டுப் பெஷ்பாலிக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். ஐரோப்பியச் சீமான்கள் பிற்பாடு ஆசைப்பட்டு வாங்கிய தங்கச் சரிகைத் துணிக்குப் பின்னால், இப்படி ஊரோடு பெயர்த்தெடுக்கப்பட்ட தறிகளும் இருந்தன.

அப்புறம் ஓர்தாக் வணிகர்கள். அரச குடும்பத்திடம் வெள்ளி வாங்கி வியாபாரம் செய்து லாபத்தில் பங்கு கொடுக்கும் கூட்டாளிகள். 1239-ல் அப்துர் ரஹ்மான் என்ற வணிகர், வடசீனத்து வரியை 22 ஆயிரம் வெள்ளிக் கட்டியிலிருந்து 44 ஆயிரமாக்கித் தருகிறேன் என்று குத்தகை கேட்டார். யெலு சூசாய் என்ற அமைச்சர் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார், செங்கிஸ்கானின் மகனும் அடுத்த கானுமான ஒகோதேய் கேட்கவில்லை. வரி கட்ட முடியாத குடியானவன் போய் நின்றது அதே ஓர்தாக்காரர்களிடம். ஒரே வருடத்தில் வட்டி அசலைத் தொடும், அடுத்த வருடம் அந்த வட்டியும் குட்டி போடும். கானின் வரியைக் கட்ட, கானின் வெள்ளியையே கடன் வாங்கினான்.

அஞ்சல் குதிரைகளும் வானத்திலிருந்து வரவில்லை. சீனத்தில் மட்டும் 1,400-க்கு மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. குதிரையும் தீனியும் சோறும் கொடுக்க வேண்டியவை அதற்கென்று குறிக்கப்பட்ட குடும்பங்கள். வணிகர்கள் அதை ஓசியில் ஓட்டி ஓட்டி, 1251-க்குப் பிறகு, செங்கிஸ்கானின் பேரன் மோங்கே கானே தடை போடும்படி ஆனது.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. வணிக வரி முப்பதில் ஒரு பங்குதான். கருங்கடல் கரையில் கஃபாவில் கடை விரித்த ஜெனோவாக்காரர்கள் சீனம் வரை போய் வர முடிந்தது. எந்த மதத்து வணிகனாக இருந்தாலும் கவலையில்லை. நமக்கே சாட்சி இருக்கிறது. தென்சீனத் துறைமுகமான சுவான்சௌவில் 1281-ல் எழுந்த சிவன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு, கானின் உடல்நலத்துக்காக வேண்டுகிறது. தமிழர்கள் இதைப் பெருமையாகப் பகிர்கிறோம், நானும் பகிர்ந்திருக்கிறேன்.

ஆனால் அந்தத் துறைமுகம் எப்படிப் பிழைத்தது? அங்கே கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த பூ ஷௌகெங், அதுவரை தென்சீனத்தை ஆண்ட சொங் அரசைக் கைவிட்டு மங்கோலியர் பக்கம் சாய்ந்தார். ஊரில் இருந்த சொங் அரச குலத்தவரைக் கொன்றார். கல்வெட்டுக்குச் சில வருடங்களுக்கு முன்னால்தான் இது. தமிழ் வணிகரும் அரபு வணிகரும் அதற்கு வெகுகாலம் முன்பே சீனம் போய் வந்தவர்கள். சோழ அரசின் தூதுக்குழு சீன அரசவைக்கு 1015-லேயே போயிருக்கிறது. சீனத்தைப் பிடித்த செங்கிஸ்கானின் பேரன் குப்ளாய் கான் அந்தக் கடல் வழியை உருவாக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த கடையின் கல்லாவில் வந்து உட்கார்ந்தார், அவ்வளவே.

"எல்லாப் பேரரசும் அப்படித்தானே, மங்கோலியரை மட்டும் ஏன்?" என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். ராஜேந்திர சோழனின் படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியதன் பின்னாலும் சீன வணிகக் கணக்கு இருந்தது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதையும் இதே கண்ணோடு பார்க்க நான் தயார். கமெண்டுக்கு வாங்க, ஆனால் மெய்க்கீர்த்தியை மட்டும் சாட்சிக்குக் கூட்டி வராதீர்கள்.